டெல்டாவே களிமண்; பானைக்கு மட்டும் ஏன் மண் இல்லை?

மார்கழி பிறந்தால் டெல்டா மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் வரும்: மண் கிடைக்கவில்லை, பொங்கல் பானை உற்பத்தி பாதிப்பு, விலை உயரும். படிப்பவர் குழம்புவது நியாயம்தான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை மழை பெய்தால் காலில் அப்புவது களிமண். குளம், ஏரி, வாய்க்கால் என்று தோண்டிய இடமெல்லாம் மண். அங்கே பானை செய்ய மண் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

கும்பகோணத்துக்கு வரும் பயணிகளுக்கும் இதே குழப்பம் வேறு விதத்தில் வருகிறது. குடத்தின் பெயரால் அமைந்த ஊர், கோயில் பார்த்த கையோடு சக்கரம் சுற்றுவதையும் பார்த்துவிடலாம் என்று டிசம்பர் விடுமுறையில் வருகிறார்கள். அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்து வேளார் (குயவர்) தெருக்களில் பார்க்கக் கிடைப்பது திண்ணை நிறையக் காயாத பச்சைப் பானையும், தார்ப்பாய் போர்த்திய சூளையும்தான்.

இரண்டுக்கும் விடை ஒன்றே. மண் இருக்கிறது. அது குயவர் கைக்கு வரும் மாதங்கள் வேறு, பானை விற்கும் மாதங்கள் வேறு. நடுவில் மேட்டூர் மதகும் வடகிழக்குப் பருவமழையும் நிற்கின்றன. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த மண் பானை மண்?

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. ஆற்றில் வேகம் இருக்கும் மேல்பகுதியில் மணல் தங்கும். கிழக்கே போகப் போக வேகம் குறையும், கூடவே வரும் துகளும் நுண்மையாகும். கடைமடையில் படிவது பெரும்பாலும் களி. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துப் புது டெல்டாவில் செம்மண் கலந்த நிலம். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கனத்த கருங்களி.

இந்தக் களியில் மாண்ட்மோரில்லனைட் என்ற தாது அதிகம். தண்ணீர் பட்டால் அது ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் டெல்டா வயல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பது இதனால்தான். வயலை வெடிக்கவைக்கும் மண் பானையையும் வெடிக்கவைக்கும். ஆகவே தனிக் களியில் பானை நிற்காது. வண்டலோ நைஸ் மணலோ சேர்த்தாக வேண்டும். மூன்று பங்கு களிக்கு ஒரு பங்கு மணல் என்பது தோராயக் கணக்கு. அடுப்பில் ஏறும் சட்டிக்கு மணல் கொஞ்சம் கூடும். தண்ணீர் வைக்கும் பானைக்கு அவ்வளவு வேண்டாம்.

மண் சரியா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பிசைந்த மண்ணைப் பென்சில் தடிமனுக்கு உருட்டி விரலைச் சுற்றி வளைத்தால், வெடிக்காமல் வளைய வேண்டும். வெடித்தால் மணல் அதிகம். அடுத்து, ஒரு பட்டை தட்டி அதில் 10 சென்டிமீட்டர் கோடு கிழித்து நிழலில் காயவிட வேண்டும். கோடு 9.2 முதல் 9.4 வரை நின்றால் கலவை தேறும். 9-க்குக் கீழே போனால் அந்த மண்ணில் செய்யும் பானை கழுத்திலோ அடியிலோ கீறும்.

மண்ணைக் கெடுக்கும் சமாச்சாரங்கள் இன்னும் இருக்கின்றன.

1. சுக்கான் கல். மிளகு அளவுக்குச் சுண்ணாம்புக் கல் இருந்தால் போதும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகும். பானை வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். வாங்கிப் போன பத்தாம் நாள் பக்கவாட்டில் ஒரு சில்லு தெறித்து, குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான். சந்தேகமான மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும்.
2. உப்பு. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோர மண்ணில் செய்த பானையின் மேல் வெள்ளையாகப் பூக்கும். துடைத்தாலும் திரும்ப வரும்.
3. மக்கிய இலை தழை. குளத்தின் மேல்மட்டக் கருவண்டலில் இது அதிகம். சூளையில் முழுதாக எரியாவிட்டால் ஓட்டின் நடுவில் கறுப்புக் கோடாக நிற்கும், அந்த இடம் பலவீனம்.

ஆகவே குயவர் தேடுவது மேல் வண்டலுக்குக் கீழே, மணல் படுகைக்கு மேலே இருக்கும் ஓர் அடுக்கை. மண்வெட்டியால் எடுத்த காலத்தில் அதை மட்டும் வழித்துக்கொள்ள முடிந்தது. இப்போது குளம் தூர்வாரப் பொக்லைன் இறங்குகிறது. ஒரே வாரலில் வண்டல், களி, மணல், சுக்கான் எல்லாம் கலந்து கரையில் விழுகிறது. வயலுக்கு அது உரம், கரைக்கு அது பலம், பானைக்கு உதவாது. ஊர்க் குளத்தைத் தூர்வாரிய ஆண்டிலேயே குயவர் மண் இல்லை என்று சொன்னால் அதில் முரண் ஒன்றும் இல்லை.

எவ்வளவு மண் வேண்டும்?

பெரும் குவாரி ஒன்று தேவைப்படுவதைப் போல இந்தப் பேச்சு நடக்கிறது. கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும்.

மண்ணை யூனிட் கணக்கில் அளப்பார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பத்தடிக்குப் பத்தடி இடத்தில் ஓரடி உயரக் குவியல். எடை ஏறக்குறைய நான்கு டன். கல், வேர், கட்டி என்று கால் பங்கு கழிந்தாலும் மூன்று டன் மிஞ்சும். நடுத்தரப் பொங்கல் பானை ஒன்றுக்கு மூன்று கிலோ பிசைந்த மண் போதும். ஆக, ஒரு யூனிட் மண்ணில் சுமார் ஆயிரம் பானை. ஒரு குடும்பம் கார்த்திகை, பொங்கல் இரண்டு பருவத்துக்கும் உழைத்தாலும் சில யூனிட்டுகளில் முடிந்துவிடும். செங்கல் சூளை ஒன்றின் ஆண்டுத் தேவையோடு இதை வைத்துப் பேசுவதே பொருந்தாது.

அளவு இவ்வளவு சிறிதென்றால் சிக்கல் எங்கே? நாள்காட்டியில்.

மேட்டூர் மதகு வைக்கும் கெடு

மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. இந்த இரண்டு தேதிகளையும் விவசாயி எப்படிப் பார்க்கிறாரோ அதே கவனத்தோடு குயவரும் பார்க்கிறார், தலைகீழாக. விவசாயிக்கு மதகு திறந்தால் வேலை தொடங்குகிறது. குயவருக்கு மண் எடுக்கும் காலம் அன்றோடு முடிகிறது.

டெல்டாவில் குயவரின் ஓராண்டு இப்படி ஓடுகிறது:

1. ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை: சம்பா, தாளடி அறுவடை. வைக்கோல் கிடைக்கும், வெயில் உண்டு. குளங்களில் இன்னும் தண்ணீர் நிற்கும். முந்தைய ஆண்டு மண்ணில் தண்ணீர்ப் பானை, சட்டி செய்யும் நேரம்.
2. ஏப்ரல், மே, ஜூன் முதல் வாரம்: குளம் வற்றும். மண் எடுக்க இருக்கும் ஒரே காலம் இது. கோடை மழை பெய்தால் இதிலும் பத்துப் பதினைந்து நாள் போகும்.
3. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை: ஆறு, வாய்க்கால், குளம் நிரம்பும். ஆடிப்பெருக்கு முளைப்பாரிச் சட்டி, ஆவணிப் பிள்ளையார், கல்யாணப் பாலிகை, கொலு பொம்மை என்று வேலை மாறும். கார்த்திகைக்கு அகல் சேர்த்துவைக்கும் புத்திசாலிகள் இப்போதே தொடங்குவார்கள்.
4. அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. டெல்டாவின் ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில் கொட்டுகிறது. அகல் விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் தேவை உச்சத்துக்குப் போவதும் இதே நேரத்தில்தான்.

மதகு தேதி நகர்ந்தால் எல்லாம் நகரும். 2022-இல் மே 24-லேயே மேட்டூர் திறக்கப்பட்டது. குறுவைக்கு அது நல்ல செய்தி. மண் எடுக்கும் காலத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் குறைந்தது. 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். வயலுக்கு நெருக்கடியான ஆண்டு. மண் வெட்ட மட்டும் கூடுதலாக ஆறு வாரம் கிடைத்தது. டெல்டாவில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நல்ல ஆண்டு அமைவது அபூர்வம்.

மே மாதத்திலேயே எடுத்துக் குவித்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். குவிக்கலாம், வெயிலிலும் பனியிலும் கிடந்த மண் இன்னும் நன்றாகப் பதப்படும். ஆனால் டிராக்டர் வாடகை, வெட்டுக்கூலி எல்லாம் மே மாதத்தில் கையிலிருந்து போக வேண்டும். பணம் திரும்பி வருவது ஜனவரியில். எட்டு மாத முதலீட்டைத் தாங்கும் குடும்பங்கள் குறைவு. மனை சுருங்கிவிட்டது என்பதும் உண்மை. குவியலுக்கு மட்டும் இடம் போதாது, காயவைக்கும் நிழலும் சூளைக்கு இடைவெளியும் வேண்டும்.

அணையால் நேர்ந்த இன்னொரு மாற்றம் மெதுவானது. அணைக்கு முந்தைய வெள்ளங்கள் வண்டலைக் குளம்வரை கொண்டுவந்து சேர்த்தன. இப்போது அதில் கணிசமான பங்கு நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. எடுத்த பள்ளம் பழைய வேகத்தில் நிரம்பாது.

அனுமதி: எங்கே மாட்டிக்கொள்கிறது?

சாதாரணக் களிமண் சட்டப்படி சிறு கனிமம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன் 12-ஆம் விதி மண்பாண்டத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் நீர்நிலைகளிலிருந்து கட்டணமின்றி மண் எடுக்க வழி செய்கிறது. முன்பு இந்த அனுமதி மாவட்ட ஆட்சியர் வரை போய் வர வேண்டும். 2024-இல் அதை வட்டாட்சியர் அளவிலேயே கொடுக்கலாம் என்று எளிமையாக்கினார்கள். விண்ணப்பம் இணையவழி.

நல்ல மாற்றம். ஆனாலும் புகார் நிற்கவில்லை. காரணங்கள்:

1. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட நீர்நிலையில்தான் எடுக்கலாம். பட்டியலில் இருக்கும் குளத்தின் மண் பானைக்கு உதவுமா என்று யாரும் பார்ப்பதில்லை.
2. விண்ணப்பதாரரும் நீர்நிலையும் ஒரே வட்டத்துக்குள் இருக்க வேண்டும். கடலோர வட்டத்துக் குயவருக்குக் கிடைப்பது உப்பு மண். நல்ல மண் இருபது கிலோமீட்டர் தள்ளி, அடுத்த வட்டத்தில்.
3. அனுமதிச் சீட்டில் அளவும் நாளும் குறித்திருக்கும். அந்த நாள்களில் மழை வந்தால் சீட்டு காலாவதியாகும். மறுபடி வாங்குவதற்குள் மதகு திறந்துவிடும்.
4. வண்டியை மறிக்கும் இடத்தில் பானை மண்ணுக்கும் கட்டட மண்ணுக்கும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள். சீட்டு இல்லாத வண்டி பறிமுதலாகும் என்ற பயத்தில் டிராக்டர்காரர் வரவே மறுக்கிறார், வந்தால் இரட்டை வாடகை கேட்கிறார்.

இங்கே ஒரு தவறான புரிதலையும் ஒதுக்கிவிடலாம். 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனதால் களிமண் எடுக்கத் தடை வந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது ஹைட்ரோகார்பன் போன்ற எடுப்புத் திட்டங்களையும், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற தொழில்களையும். குயவர் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மழையில் ஏன் பானை உருவாகாது?

மண் கையில் இருந்தாலும் டிசம்பரில் பானை செய்வது பெரும்பாடு. செய்முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

உலர்ந்த மண்ணை உடைத்து, ஓரிரு நாள் ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். காற்றுக் குமிழ் போகும்வரை கையால் பிசைவார்கள். சக்கரத்தில் எழுவது பானையின் கழுத்தும் உடலும் மட்டும். நூலால் அறுத்து எடுக்கும்போது அடி திறந்தோ தடித்தோ இருக்கும். அரை நாள் வாடியபின், உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருட்டுவார்கள். சுற்றுலாப் படங்களில் சக்கரம்தான் வரும். உண்மையான கைத்திறன் இந்தத் தட்டுதலில்தான் இருக்கிறது: பலகை விழும் இடத்துக்கு நேர் எதிரே கல் இருக்க வேண்டும், தடிமன் எங்கும் ஒன்றாக வர வேண்டும், அடி நடுவில் மட்டும் சற்றே கூடுதல். பிறகு செங்காவி பூசி வழவழப்பாகத் தேய்ப்பார்கள்.

அடுத்தது காய்தல். பிசைந்த மண்ணின் எடையில் 20 முதல் 25 சதவீதம் தண்ணீர். மூன்று கிலோ பானையில் 600 மில்லிக்கு மேல். ஆயிரம் பானை என்றால் 600 முதல் 750 லிட்டர் தண்ணீர் காற்றோடு போக வேண்டும். கார்த்திகை மாதத்துக் கும்பகோணத்தில் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 85 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அந்தக் காற்று ஏற்கெனவே நனைந்த துணி, அது எதைத் துடைக்கும்? கோடையில் நிழலில் மூன்று நான்கு நாளும் வெயிலில் ஒரு நாளும் போதும் பானைக்கு, அடைமழையில் இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த அடுக்கு வைக்க வீட்டில் இடமிருக்காது.

அவசரப்பட்டு மின்விசிறியை வைத்தாலோ அடுப்படியில் அடுக்கினாலோ விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும். இழுபறியில் விளிம்பிலிருந்து கீறல் ஓடும். விளிம்புக்கு ஈரத்துணி சுற்றுவதும், பானையைக் கவிழ்த்து வைப்பதும், நாளுக்கு இரண்டு முறை திருப்புவதும் இதைத் தடுக்கத்தான்.

பிறகு சூளை. பானைகளை வாய் கீழாக அடுக்கி, இடையில் வறட்டி, தென்னை மட்டை, கருவேல விறகு கொடுத்து, மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசிவிடுவார்கள். புகை போகக் கண் விடுவார்கள். உள்ளே நடப்பது:

1. சுமார் 100 பாகை செல்சியசில் மிச்ச ஈரம் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். ஓட்டுக்குள் ஈரம் சிக்கியிருந்தால் பானை வெடிக்கும், பக்கத்துப் பானைகளையும் சேர்த்து உடைக்கும். ஆகவே முதல் சில மணி நேரம் வெறும் புகைமூட்டம்தான். கண்ணருகே குளிர்ந்த இரும்புத் தகடு நீட்டினால் வியர்க்கக் கூடாது. வியர்த்தால் தீ ஏற்றும் நேரம் இன்னும் வரவில்லை.
2. 450 முதல் 600 பாகைக்குள், மண்ணின் தாதுவோடு கட்டுண்ட தண்ணீர் வெளியேறும். மண் பானையாவது இங்கேதான். இதற்குக் கீழே நின்றுபோன பானை தண்ணீரில் ஊறினால் திரும்பவும் சேறு.
3. 573 பாகையில் மணலின் குவார்ட்ஸ் சட்டென்று விரியும், குளிரும்போது சுருங்கும். சூளையைச் சூட்டோடு பிரித்தால் கேட்கும் 'டிக்' சத்தம் பெரும்பாலும் இதனால் விழும் கீறல்.
4. 700 முதல் 850 பாகைக்குள் துகள்கள் ஒட்டி ஓடு இறுகும். காற்று தாராளமாகப் போனால் இரும்புச்சத்து சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் மூடினால் கறுக்கும். உறையூர் அகழாய்வில் கிடைத்த கறுப்பு சிவப்புக் கலங்களின் பொதுவான சூட்சுமமும் காற்றுதான்: கவிழ்த்து வைத்த உள்பக்கம் காற்றில்லாமல் கறுத்தது, வெளிப்பக்கம் சிவந்தது.

மழைக்காலம் இந்த நான்கு படியையும் கெடுக்கும். ஈரத் தரை கீழ் அடுக்கின் சூட்டை உறிஞ்சும், அங்கே இருப்பவை வேகாமல் நிற்கும். நனைந்த வைக்கோல் புகையுமே தவிர எரியாது. வைக்கோலும் முன்போல் சுலபமில்லை: இயந்திரம் அறுத்த வைக்கோலை உருளையாகச் சுருட்டி மாட்டுத் தீவனத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள், சம்பா வைக்கோல் தாராளமாகக் கிடைப்பதும் பொங்கலுக்குப் பிறகுதான். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது மழை இறங்கினால் சேற்றுப் பூச்சு பிளந்து மேல் அடுக்கு மொத்தமும் சில்லாகும்.

அரசு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு ரூ.5,000 தருகிறது. காதி கிராமத் தொழில்கள் ஆணையம் 2018 முதல் மின்சக்கரம் வழங்குகிறது. மின்சக்கரம் தோள்வலியைக் குறைக்கும், வேகத்தைக் கூட்டும்; அதில் மறுப்பில்லை. ஆனால் டெல்டாவில் வேலை முடங்குவது சக்கரத்தில் அல்ல, காயும் இடத்திலும் சூளையிலும். நல்ல உயரத்தில் தகரக் கூரை, தரைமட்டத்துக்கு மேலே எழுப்பிய செங்கல் சூளை, காற்றோட்டமான அலமாரிக் கொட்டகை: ஒரு தெருவுக்குப் பொதுவாக இந்த மூன்றும் இருந்தால் மார்கழிச் செய்தி பாதியாகக் குறையும். உதவித் திட்டங்கள் சக்கரத்தைச் சுற்றியே சுற்றுவது படம் எடுக்க வசதி என்பதாலோ என்னவோ.

கும்பகோணத்துக்கு எப்போது போகலாம்?

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். ஆதி கும்பேசுவரர் கோயிலின் லிங்கம் அமுதக் குடத்தின் சில்லும் மண்ணும் சேர்ந்தது என்பது தலபுராணம். அதனால் மூலவருக்கு நீராட்டு கிடையாது, புனுகு சாத்துவார்கள். தஞ்சாவூரிலிருந்து 40 கிலோமீட்டர், சென்னையிலிருந்து மயிலாடுதுறை வழி ரயில் உண்டு. அடுத்த மகாமகம் 2028-இல். அந்த நெருக்கடியில் மண்பாண்டம் பார்க்கப் போக வேண்டாம்.

சக்கரம், தட்டுதல், சூளை மூன்றையும் காண வேண்டுமென்றால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. காலையில் சக்கரம், பிற்பகலில் தட்டுதல் என்று பெரும்பாலும் வேலை ஓடும். சூளை ஏற்றும் நாள் முன்கூட்டியே நிச்சயமாகாது, விசாரித்துக்கொண்டு போவது நல்லது. காயும் பானையை விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். பச்சைப் பானையின் பலவீனமான இடம் அதுதான். சூளையைச் சீக்கிரம் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம்.

பக்கத்தில் சுவாமிமலைக்கும் போய் வாருங்கள். அங்கே வெண்கலச் சிலைக்கான மெழுகுருவின் மேல் முதல் பூச்சாகப் போவது காவிரியின் நைஸ் வண்டல். நகக்கீறல் அளவு நுணுக்கத்தையும் அது பிடித்துக்கொள்ளும். மேலே வரும் பூச்சுகள் சொரசொரப்பான மண். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வார்ப்புக்கும் ஆற்று மண்தான்.

பானை வாங்கினால்

விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். 'டப்' என்றால் கீறலோ வேகாமையோ. உள்ளே பார்த்து வெள்ளைப் புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். வெளியே புகைக் கறுப்புத் திட்டு இருந்தால் பழுதில்லை. சமைக்கும் சட்டியில் பெயின்ட், வார்னிஷ் பளபளப்பு கூடவே கூடாது.

சமைக்கும் சட்டியைப் பழக்க:

1. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். குமிழ் அடங்கும்வரை விட வேண்டும்.
2. மறுநாள் வடிகஞ்சி முக்கால் பாகம் ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம். கஞ்சியின் மாவு ஓட்டின் நுண்துளைகளில் படிந்து கசிவைக் குறைக்கும். ஆறும்வரை அடுப்பிலேயே இருக்கட்டும்.
3. இதை இரண்டு மூன்று நாள் செய்தபின் குழம்பு வைக்கலாம். முதல் மாதம் பெருந்தீ வேண்டாம். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி சூடாகாது.

தண்ணீர்ப் பானைக்குக் கஞ்சி ஊற்றாதீர்கள். துளை அடைந்தால் கசிவு போகும், கசிவு போனால் குளிர்ச்சியும் போகும். வெளியே வியர்க்கும் தண்ணீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, குளிர்வது அதனால். காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு குளிரும். 39 பாகை வெயிலும் 35 சதவீத ஈரப்பதமும் உள்ள திருச்சிப் பிற்பகலில் தண்ணீர் இறங்கக்கூடிய அடிமட்டம் சுமார் 27 பாகை. 35 பாகையும் 65 சதவீதமும் உள்ள நாகப்பட்டினத்தில் 29-க்குக் கீழே இறங்கவே இறங்காது. ஒரே சூளையில் வெந்த இரண்டு பானைகள்; நாகப்பட்டினத்துக்காரர் மட்டும் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். பானையைச் சன்னலோரம் காற்று படும் இடத்தில், மணல் பரப்பி அதன்மேல் வைப்பதுதான் அங்கே செய்யக்கூடியது. இரண்டு மூன்று மாதத்தில் குளிர்ச்சி குறைந்தால் தென்னை நாரால் வெளிப்பக்கத்தைத் தேய்த்து, வெயிலில் காயவைத்தால் துளை திறக்கும்.

பொங்கலுக்குக் குறிப்பிட்ட அளவில் பானை வேண்டும் என்றால் புரட்டாசிக்குள் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். மழைக்கு முன் சூளை கண்ட பானை உங்களுக்குக் கிடைக்கும், குயவருக்கும் மண் கூலி கொடுக்கப் பணம் புரளும். பேருந்தில் கொண்டுபோவதானால் பானைக்குள்ளும் வைக்கோல் திணித்து, இரண்டு பானைகளின் வயிறு ஒன்றோடொன்று படாமல் சாக்கில் கட்டச் சொல்லுங்கள். மடியில் வைத்துக்கொள்வதைவிடக் காலடியில் வைப்பது பத்திரம்.